உங்கள் தளத்தின் வேகத்தை வாடிக்கையாளர் கையில் அளப்பது எப்படி? கேள்வி-பதில்

ஏனுங்க, போர்வை விற்கும் எங்கள் தளத்துக்கு, கூகுளின் வேகச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸில் நூற்றுக்கு 95 மதிப்பெண் வருகிறது. ஆனால் "சுத்திக்கிட்டே இருக்குது" என்று வாடிக்கையாளர்கள் போன் செய்கிறார்கள். எதை நம்புவது? (சென்னிமலை வாசகர்)

வாடிக்கையாளரை நம்புங்கள். லைட்ஹவுஸ் ஒரு கணினியில், முன்பே முடிவு செய்த நெட் வேகத்தில், பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கிறது. வழக்கமான சோதனையில் அது எந்தப் பட்டனையும் அழுத்துவதில்லை. தாளவாடி மலையில் பழைய போனில் திறப்பவரின் அனுபவம் அதில் வராது. மாற்றத்தை வெளியிடும் முன் சரிபார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுளின் வேகம் பார்க்கும் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில், நிஜப் பயனர் பகுதியில் எங்கள் தளத்துக்குத் தகவலே இல்லை என்று வருகிறது. (பொள்ளாச்சி, தேங்காய் எண்ணெய் விற்பனை)

அது கூகுள் குரோம் பயனர்களிடமிருந்து சேர்க்கும் 28 நாள் கணக்கு. போதிய வருகை இல்லாத தளங்களை அது காட்டாது. ஐபோன் பயனர்களும் அதில் இல்லை. அதனால் சிறிய கடைக்குத்தான் சொந்த அளவீடு அதிகம் தேவை.

குரோம் குழு இலவசமாகத் தரும் 'வெப் வைட்டல்ஸ்' நிரலைப் பக்கத்தில் சேருங்கள், சில கிலோபைட்தான். முக்கியப் படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம் எல்.சி.பி.; தொட்டதற்குத் திரை பதில் தரும் நேரம் ஐ.என்.பி.; பக்கம் குதிக்கும் அளவு சி.எல்.எஸ். இந்த மூன்றையும் அது தரும். உங்கள் சர்வரில் ஒரு முகவரி வைத்து, வரும் எண்களை ஒரு டேபிளில் சேமியுங்கள். பக்க வகை, போனா கணினியா, உங்கள் தளத்தின் எந்த வெளியீடு என்ற மூன்றும் கூடவே வரட்டும். இவை இல்லாத எண்ணை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது.

பலரும் கோட்டைவிடுவது அனுப்பும் நேரத்தில்தான். பக்கத்தை மூடும்போது அனுப்பலாம் என்று 'அன்லோடு' நிகழ்வை நம்பாதீர்கள். போனில் ஆட்கள் பக்கத்தை மூடுவதில்லை, அப்படியே வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார்கள். பக்கம் மறையும்போது வரும் 'விசிபிலிட்டி சேஞ்ச்' நிகழ்வில், பின்னணியில் தகவல் அனுப்பும் பிரவுசர் வசதியான 'சென்ட் பீக்கன்' வழியாக அனுப்புங்கள்.

சராசரி எல்.சி.பி. 2.2 வினாடி. நல்ல அளவுதானே? (திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி)

சராசரியை விட்டுவிடுங்கள். பத்து வருகையில் ஏழு 1 வினாடி, மூன்று 5 வினாடி என்றால் சராசரி 2.2தான். அந்த மூன்று பேர் பொறுக்காமல் போயிருப்பார்கள். வருகைகளை வேகமானதிலிருந்து மெதுவானது வரை அடுக்கி 75-வது சதவீத இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். இங்கே அது 5. அந்த இடத்தில் எல்.சி.பி. 2.5 வினாடி, ஐ.என்.பி. 200 மில்லிவினாடி, சி.எல்.எஸ். 0.1, இவற்றுக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் வரையறை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அலுவலகத்தில் நாள் முழுக்கத் தளத்தைத் திறந்து பார்ப்பது உங்கள் ஆட்கள்தான். படமெல்லாம் ஏற்கெனவே அவர்கள் கணினியில் இருக்கும். அந்த வருகைகளைக் கழித்துவிட்டு, வெளிநாட்டு பையர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். சர்வர் மும்பையில் இருந்தால், ஐரோப்பாவிலிருந்து திறப்பவருக்கு சர்வரின் பதிலில் முதல் பைட் வரவே தாமதமாகும்.

ஐ.என்.பி. 480 மில்லிவினாடி காட்டுகிறது. எந்த இடத்தில் சிக்கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை)

வெப் வைட்டல்ஸ் நிரலின், காரணம் காட்டும் 'அட்ரிபியூஷன்' வடிவத்தைப் போடுங்கள். எந்தப் பட்டனில் தாமதம், அது காத்திருப்பா, நிரல் ஓடிய நேரமா, திரை வரைந்த நேரமா என்று பிரித்துத் தரும். முதலில் சாட் பெட்டியையும் விளம்பர டேக்குகளையும் (விளம்பரத்துக்காகப் பக்கத்தில் சேர்த்த வெளி நிரல்கள்) சந்தேகப்படுங்கள்.

இதனால் தனியுரிமைச் சிக்கல் வருமா? (ஈரோடு, மஞ்சள் வியாபாரம்)

கவனிக்காவிட்டால் வரும். ஆர்டர் பக்க முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் மொபைல் எண் ஒட்டியிருக்கலாம். அதை வெட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஐ.பி. முகவரியைச் சேமிக்காதீர்கள், மாவட்ட அளவு போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு வியாபாரிக்கும் பொருந்தும். வேகம் அளக்க யார் வந்தார் என்பது தேவையே இல்லை.