கௌதாரி சுடக் கூப்பிடும் மாமாவுக்கு என்ன சொல்வது?

நண்பரே, லீவுக்கு ஊருக்குப் போனால் மாமா ஏர்கன்னோடு கௌதாரி சுடக் கூப்பிடுகிறார், கடையில் காடை விற்கிறார்களே, இது மட்டும் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். கடைக்கு வருவது பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை. கௌதாரி காட்டுப்பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைச் சுடுவது குற்றம், சிறை வரைக்கும் போகும்.

சட்டத்தை விடுங்கள். தரையில் புதரடியில் முட்டையிட்டு, நாய்க்கும் கீரிக்கும் பாம்புக்கும் தப்பித்துத்தான் அது குஞ்சு வளர்க்க வேண்டும், அதுவும் வேலிப்புதரை வெட்டித் தரிசையெல்லாம் பிளாட் போட்ட ஊரில். ஜோடியில் ஒன்று விழுந்தால் அந்தக் குஞ்சுகளின் கதி? கரையானையும் பூச்சியையும் தின்னும் பறவை அது, விவசாயியான உங்கள் மாமாவுக்கு இதைச் சொன்னால் புரியும். அப்புறம், விடியற்காலையில் அது கூவுவதைக் கேட்க அவரையே கூட்டிக்கொண்டு போங்கள், துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும்.