இழுப்பு இல்லாத நாளில் இன்ஹேலர் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. பல வருடமாக ஆஸ்துமா. காலையும் இரவும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, இழுப்பு நின்றதும் விட்டுவிடுகிறார். நீல நிற இன்ஹேலர் மட்டும் எப்போதும் பாக்கெட்டில் இருக்கும். “மற்றது ஸ்டீராய்டு, பழகிவிடும்” என்கிறார். என்ன செய்வது?

மருத்துவர் பதில்: இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் சில நிமிடங்களில் மூச்சை இலகுவாக்கிவிடும். தினசரி எடுக்கும் புடசோனைடு போன்ற ஸ்டீராய்டை இழுத்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது. மூச்சுக்குழாயின் உள்வீக்கம் அதனால் வற்ற நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். நிறுத்தினாலும் மறுநாளே இழுப்பு வந்துவிடாது. வீக்கம் மெல்லத்தான் திரும்பும். “விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அவருக்குத் தோன்றுவது இயல்புதான். அடுத்த சளியோ தூசியோ வரும்போதுதான் வினை தெரியும்.

முதலில், மறந்துபோகிறாரா, வேண்டுமென்றே விடுகிறாரா என்று கேளுங்கள். “ஒழுங்காக எடுத்தீர்களா?” என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “வாரத்தில் எத்தனை வேளை விட்டுப்போகிறது?” என்றால் உண்மை வரும்.

மறதி என்றால் இன்ஹேலரைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். மருந்தை இழுத்தபின் பல் துலக்கி, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் குறையும்.

பயம் என்றால் அளவைச் சொல்லுங்கள். ஒரு பஃப் பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். இழுப்பு முற்றினால் தரும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். மருந்துகள் வேறு, எடைக்கு எடை ஒப்பிட முடியாது. ஆனாலும் ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை விடுபவர் கடைசியில் உடம்பு முழுக்கப் பரவும் ஸ்டீராய்டில்தான் போய் நிற்கிறார். இன்ஹேலர் போதைப்பொருள்போல் பழகுவதும் இல்லை.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: முறை தப்பி மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுவது. ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். கை ஒத்துவராவிட்டால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய்) வாங்குங்கள். பொடி வகைக்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், உள்ளே ஊதவே கூடாது. அடுத்த முறை மருத்துவர் முன் அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

200 பஃப் கொண்ட நீல இன்ஹேலர் வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, கடும் இழுப்பு வரும் அபாயம் அதிகம். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு இன்ஹேலர் சரிப்படவில்லை என்றால், புடசோனைடும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இழுப்பு வரும்போது அதையே எடுக்கலாம்; அப்போதும் ஸ்டீராய்டு தானாக உள்ளே போய்விடும். சுமார் 3 மாதம் நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரே பேசுவார். அதைக் கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீல இன்ஹேலர் கேட்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.