யூரியாவைக் குறைத்தேன், அதை எப்படிக் காட்ட?

கேள்வி: வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 2 ஏக்கர் நெல் போடுகிறேன். 3 கறவை மாடுகள் நிற்கின்றன. நாலு பூவாக (சாகுபடிப் பருவமாக) யூரியாவைக் குறைத்து, ஆட்டுக்கிடை போட்டு (ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்து எருவாக்கி), தொழுவுரம் அடித்து வருகிறேன். எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில், "மண்ணைக் கெடுக்காமல் விவசாயம் பார்க்கிறோம் என்பதற்குக் கணக்கு கொடுங்கள், அரிசிக்கும் பாலுக்கும் நல்ல விலை பேசலாம்" என்கிறார்கள். பக்கத்து வயல்காரரோ, "மகசூல் கொறஞ்சுபோச்சுல்லா" என்கிறார். எதை அளக்க, எப்படி எழுத, யாரிடம் எப்படிச் சொல்ல?

பதில்: அண்ணாச்சி, வருகிற பிசானத்தில் (காருக்கு அடுத்த மழைக்கால நெல் பருவத்தில்) முதல் வேலையாக 10 சென்ட்டைத் தனியாக வரப்புக் கட்டிப் பிரியுங்கள். அதில் மட்டும் கிடை இல்லாமல், முன்பு போட்ட அதே அளவு யூரியா. மிச்ச வயலில் இப்போதைய முறை. இரண்டிலும் ஒரே ரகம், ஒரே நாள் நடவு. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாவிட்டால், எவ்வளவு எழுதி வைத்தாலும் "இந்த வருஷம் மழை நல்லா விழுந்தது, விளைஞ்சது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அறுப்புக்கு மிஷின் இறங்கும் முன்னால், இரண்டு பக்கத்திலும் வரப்போரத்தை விட்டு உள்ளே தள்ளி 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டுங்கள். அதை மட்டும் கையால் அறுத்து, அடித்து, தூற்றி, ஒரே நாளில் ஒரே தராசில் எடை போடுங்கள். வருகிற கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. ஒரே இடத்தை நம்பாமல் பக்கத்துக்கு இரண்டு இடம் எடுத்துச் சராசரி போடுவது நல்லது. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அந்தப் பக்கத்து வயல்காரரையே கூப்பிடுங்கள். எடை குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். உரச் செலவு, மருந்துச் செலவு கழித்துக் கையில் நிற்பது எவ்வளவு என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்த பிறகு அவர் சொல்வதைக் கேட்போம்.

யூரியாவை மூட்டைக் கணக்கில் எழுத வேண்டாம். முன்பு மூட்டை 50 கிலோ, இப்போது 45. கிலோவில், தேதியோடு எழுதுங்கள். மிச்ச வயலில் எப்போது போட என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட நிறங்கள் கொண்டது. நட்ட 14ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒரு தடவை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், அட்டையில் வெயில் விழாமல் உங்கள் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை ஒட்டிப் பாருங்கள். அம்பை 16 போன்ற ரகத்தில் 10 இலைக்கு 6 இலையாவது 4ஆம் நிறத்தைவிட வெளுத்திருந்தால்தான் யூரியா. வெள்ளைப் பொன்னி என்றால் 3ஆம் நிறம். பார்த்த எண்களை அன்றன்றே நோட்டில் குறித்துவிடுங்கள். ஏன் குறைத்தீர்கள் என்று கம்பெனியில் கேட்டால் அந்தப் பக்கத்தை நீட்டலாம்.

ஆட்டுக்கிடைக்கும் இப்படித்தான் எழுத வேண்டும்: எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, எத்தனை சென்ட். கிடையும் தொழுவுரமும் மண்ணில் சேர்க்கிற மக்குச் சத்தைக் கரிமச்சத்து என்பார்கள். மண் பரிசோதனையில் அது 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேலே என்றால் நல்ல நிலை. அது ஒரு பூவில் ஏறிவிடாது, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடாதீர்கள். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சும் முறை நல்ல முறைதான். தண்ணீரும் மிச்சம், வயலிலிருந்து கிளம்பி பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும். ஆனால் மேல் வயலிலிருந்து உங்கள் வயலுக்கு வழிந்து வருகிற அமைப்பு என்றால் அது உங்கள் கையில் இல்லை. வாய்க்காலிலிருந்து உங்கள் வயலுக்கென்று தனி வாய்மடை (தண்ணீர் திறக்கும் வழி) இருந்தால் மட்டும் அளந்து எழுதுங்கள். அதுவும் பிசானத்து மழையில் வேண்டாம், கார் பருவத்தில் செய்து பாருங்கள்.

நோட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனிப் பக்கம். தலைப்பில் காதுத் தோட்டிலுள்ள 12 இலக்க எண். கீழே காலைப் பால், மாலைப் பால், காசு கொடுத்து வாங்கிய தீவனம் எத்தனை கிலோ, சினை ஊசி போட்ட தேதி, ஈன்ற தேதி. ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நடுவே 13 மாதத்துக்கு மேல் இழுத்தால், தீவனம் வீணாகிற இடம் அதுதான். வற்றி நிற்கிற மாடும் தின்கிறது, மீத்தேனும் விடுகிறது, பால் மட்டும் இல்லை. மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்டால் மருந்தின் பெயர், தேதி, எத்தனை நாள் பாலை விற்பனைக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னது, மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். பால் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய கணக்கு கிடையாது. பெரும்பாலான வீடுகளில் மாட்டைப் பார்ப்பது பெண்கள். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். நீங்கள் ராத்திரி கேட்டுக் கேட்டு எழுதினால் பாதி விட்டுப்போகும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யூரியாவைக் குறைத்திருக்கிறீர்கள், நிறுத்தவில்லை. ஆகவே சாக்கில் "இயற்கை அரிசி" என்றோ "ஆர்கானிக்" என்றோ அச்சடிக்கச் சம்மதிக்காதீர்கள். அங்கக (ஆர்கானிக்) சான்றுக்கு நெல் போன்ற பயிரில் ரசாயனத்தை அறவே விட்டு 2 வருஷ மாறுதல் காலம் கடக்க வேண்டும். அந்தப் பாதைக்குப் போக ஆசை இருந்தால், குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை சிறு விவசாயிக்குத் தோதானது. அதுவரை, "ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா குறைத்தோம், மகசூல் இவ்வளவு, சிகிச்சை நடக்கும் மாட்டின் பாலை ஊற்றுவதில்லை" என்று உள்ளதைச் சொல்லி விலை கேளுங்கள். ஒரு பூ கணக்கை ஒரு தாளில் எழுதிக் கம்பெனியில் கொடுத்தால் போதும். நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.

கார் அறுப்பு முடிந்து, கிடை அமர்த்தும் முன்னால் மண் எடுத்துவிடுங்கள். எரு குவித்த இடம், வரப்போரம், மர நிழலை விட்டு 10, 15 இடத்தில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த 10 சென்ட் மண்ணைத் தனிப் பையில் போட்டு அடையாளம் எழுத மறக்க வேண்டாம்.