மறு: மகளை நகரப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதா?

அண்ணா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையில் (தரம் 11 முடிவில் எழுதுவது) சித்தி வீதம் குறைவு, மகளைத் தரம் 6க்குக் கிளிநொச்சி நகரத்துக்கு மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12 பேர் எழுதுகிற இடத்தில் ஒருவர் தவறினாலே 8 வீதம் இறங்கிவிடும். அதோடு, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகள் பலர் தரம் 6இலேயே நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். மிஞ்சியவர்களின் புள்ளியை வைத்து ஆசிரியர்களை எடைபோடுவது அநியாயம்.

அதிபரிடம் நேரசூசியைக் கேட்டுப் பாருங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலப் பாடவேளைகளில் ஆசிரியர் பெயர் இல்லையென்றால் மாற்றுவதுதான் சரி. ஆள் இருந்தால் அங்கேயே படிக்கட்டும். மாரி மழையில் விடிய ஐந்தரைக்கே பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை முதல் பாடத்திலேயே தூங்கி விழும். அது தரம் 11 வரை மட்டுமே உள்ள வகை 2 பள்ளிக்கூடமென்றால், அது முடிய உயர்தரத்துக்கு (தரம் 12, 13) எப்படியும் வேறிடம் போகத்தானே வேண்டும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.