இடிஞ்ச கோட்டைக்கும் ஒரு அட்ரஸ் உண்டு

வணக்கம் அக்கா,
17ஆம் நூற்றாண்டுல செப்புத்தகட்டுல கோடு போட்டு தாள்ல அச்சடிச்ச படங்கள் பத்தி நீங்க எழுதுனத படிச்சுட்டு நெட்ல தேடித் தேடிப் பார்த்தேன். நிறைய நிலக்காட்சியில ஏதாவது ஒரு இடிபாடு நிக்குது. எல்லாம் ஒருநாள் மண்ணாப் போகும்னு சொல்றதுக்கு மட்டும்தானா அது? அப்படின்னா பக்கத்துலயே மாடு ஏன் மேயுது, ஆளுங்க ஏன் ஒக்காந்து கதை பேசறாங்க?

அன்புள்ள தம்பி,
நிலையாமை இல்லாம இல்ல, ஆனா எல்லா படத்துக்கும் அந்த ஒரே அர்த்தத்த ஒட்டிட்டா அப்புறம் படத்தையே பார்க்க மாட்டோம். ரோம்ல இருந்த பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரைன் 1636ல பண்ணுன 'கம்போ வாச்சினோ'வ எடுத்துக்கோங்க. அந்த மாடெல்லாம் அவர் கற்பனை இல்ல, பழைய ரோமோட ஃபோரம், அதாவது ஊர்ப் பொதுச்சதுக்கம், இடிஞ்சு கிடந்த அப்போ நிஜமாவே மேய்ச்சல் நிலம், அந்தப் பேருக்கு அர்த்தமே மாட்டு மைதானம்தான்!

எனக்கு இதவிட நெருக்கமானது ஆம்ஸ்டர்டாம்காரர் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் சுமார் 1611-12ல போட்ட 'இனிய இடங்கள்'ங்கற படவரிசை. தூரமாப் போக நேரமில்லாதவங்க இதப் பாருங்கன்னு ஆரம்பத்துலயே சொல்லிடறார். நெதர்லாந்துல ஹார்லெம்ங்கற ஊர் பக்கத்துல துணி வெளுக்கற இடம், சான்ட்ஃபோர்ட் கலங்கரை விளக்கம், அதுங்களோட கிளேஃப் மாளிகைன்னு ஒரு இடிபாடு. ஸ்பெயின் ஆட்சிய எதிர்த்து டச்சுக்காரங்க போராடுன காலத்துல, 1572 டிசம்பர்ல இருந்து 1573 ஜூலை வரைக்கும் ஸ்பெயின் படை ஹார்லெம வளைச்சுப் போட்டு ஊரையே பட்டினியில வாட்டி எடுத்தப்ப அந்தப் படையோட தளபதி தங்குன இடம் அது, முடிச்சுட்டுப் போறப்ப அதையும் தகர்த்துட்டுப் போனாங்க. படம் வந்தப்ப அதெல்லாம் நடந்து நாப்பது வருஷம்கூட ஆகல, அந்தப் பசிய சின்ன வயசுல பட்டவங்க இன்னும் உயிரோட இருந்திருப்பாங்க, 1609ல போர்நிறுத்தம் வந்து அப்பதான் ஜனங்க பயமில்லாம ஊருக்கு வெளிய காலாற நடக்க ஆரம்பிச்ச நேரம்.

அதனால அந்தச் சுவத்தப் பார்த்தவங்களுக்கு 'காலம் எல்லாத்தையும் அழிக்கும்'னு தோணியிருக்கும்னு நான் நம்பல. அழிச்சது காலம் இல்ல, யாருன்னு அவங்களுக்குத் தெரியும். விஸ்ஸர் அத தனியா ஒரு நினைவுச்சின்னமா தூக்கி வைக்காம, துணி காயற வயலோட சேர்த்து ஞாயித்துக்கிழமை நடந்து போற இடமா வச்சாரு பாருங்க, அதுதான் என்னை ரொம்பத் தொட்டது.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் சைட்ல ஜூம் பண்ணிப் பார்க்கலாம். மாளிகையில மிஞ்சுன சுவரு இன்னும் ஹார்லெம்ல நிக்குது.