காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஆந்திராவில் நகரி பக்கம் விசைத்தறிக் குடும்பம். இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு எட்டு மாதம், பால் கொடுக்கிறேன். மாமியார் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். காப்பர் டி போட்டால் நெஞ்சுக்கு ஏறிவிடும், பிறகு கருவே தங்காது என்று பயமுறுத்துகிறார்கள். அரசோ இப்போது நிறையப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அவசரமான செய்தி. பால் கொடுப்பதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். விலக்கு வராமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் முதல் ஆறு மாதம் அது காப்பு. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். இன்றிலிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள்.

கரு தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி ஒன்றை என் மேசையில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஒன்றரை அங்குலம்கூட இல்லாத பிளாஸ்டிக், சுற்றிய செம்புக் கம்பி, நுனியில் இரண்டு நூல், அவ்வளவுதான். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. மிக அரிதாக, பொருத்தும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பதுண்டு. பால் கொடுக்கும் காலத்தில் அந்த வாய்ப்பு கூடுதல். அதனால் கைப்பழக்கம் உள்ளவரிடம் போடுங்கள். 380ஏ வகை பத்து ஆண்டு வரை இருக்கும். எடுத்த அடுத்த மாதமே கரு தங்கலாம். முதல் சில மாதங்களில் உதிரம் அதிகம் படும். ரத்தசோகை இருந்தால் அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

ஆபரேஷனைப் பற்றி மனம்விட்டுச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லையோரச் சுகாதார நிலையமொன்றில் முகாம் நடக்கும். வராந்தாவில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருப்பார்கள், பாதிப்பேர் இருபத்தைந்து தாண்டாதவர்கள். இடையில் வேறு வழி உண்டு என்று அவர்களிடம் யாருமே சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை; அது இன்றும் உறுத்துகிறது. பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்த ஒருத்தி, மடித்து மடித்து நைந்த ஆபரேஷன் சீட்டோடு வந்து, "இதைத் திருப்பிப் போட முடியுமா அம்மா?" என்று கேட்டாள். ஆபரேஷனில் துண்டித்த கருக்குழாயை மறுபடி இணைக்கலாம். கரு தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இரண்டுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994-ல் சட்டம் போட்ட அதே ஆந்திரா, 2024-ல் அதை நீக்கியது. 2019-21 கணக்கெடுப்பில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 குழந்தைதான். அரசின் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். பத்து மாதம் சுமப்பது நீங்கள். அரசுக்காகப் பெறவும் வேண்டாம், மாமியாருக்காக நிறுத்தவும் வேண்டாம்.

போதும் என்று இருவரும் முடிவுசெய்தால், கணவருக்கான வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை, உங்கள் ஆபரேஷனைவிட எளிது. தறி ஓட்டும் பலம் குறையாது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யும் வரை ஆணுறை தேவை. போதும் என்ற முடிவுக்கு இருவரும் இன்னும் வரவில்லையென்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு காப்பர் டி போட்டுக்கொள்ளுங்கள். வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.