கனடா லைசென்ஸோடு யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டலாமா?
கனடா லைசென்ஸும் சர்வதேச அனுமதிப்பத்திரமும் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்ட அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் அந்தச் சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் எடுங்கள். வடக்கே வெளிக்கிட முன்னமே இதை முடித்துவிடுவது நல்லது.

இங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும், ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகம். எதிரே வருபவர் லைட் அடித்தால் பெரும்பாலும் ‘நான் வாறன், நில்லுங்கோ’ என்றுதான் அர்த்தம். வழிவிடுகிறார் என்று நினைத்து நுழையாதீர்கள்.

எனக்குப் பெரிய பயம் புகையிரதக் கடவைகள்தான். பல இடங்களில் கேற் இல்லை. பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கடவுங்கள். அப்புறம், பொழுதுபட்டால் வீதியில் மாடுகள் நிற்கும். யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதியில் முதல் பயணத்தைப் பகலிலேயே வையுங்கள்.